யாண்டு 25, நாள் 275: ஒரு கல்வெட்டுத் தேதி எவ்வளவு தூரம் தவறலாம்?

தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் உச்சியில் வைக்க ராஜராஜன் கொடுத்த செப்புக்குடத்தின் நிறையைக் கல்வெட்டு 3,083 பலம் என்று கடைசிப் பலம் வரை சொல்கிறது. நாளையும் அதே கறாரோடு சொல்கிறது: யாண்டு (ஆட்சியாண்டு) இருபத்தைந்தாவது, நாள் இருநூற்று எழுபத்தைந்து. கி.பி. என்றோ சக ஆண்டு என்றோ அதில் ஒரு சொல் கிடையாது. பாடநூலில் நாம் படிக்கும் 1010, பிற்காலத்தார் கணக்குப் போட்டு எட்டிய எண்.

அந்தக் கணக்கு தவறாக இருக்கலாமா என்றால், இருக்கலாம். ஆனால் "தவறாக இருக்கலாம்" என்பதோடு நின்றுவிட்டால் ஒன்றும் சொன்னதாகாது. எத்தனை நாள், எந்தப் படியில், எந்தக் காரணத்தால் என்று கேட்க வேண்டும். தமிழ்நாட்டு வரலாற்றில் இந்தக் கேள்விகளுக்குப் பெரும்பாலும் தெளிவான பதில் உண்டு. பிழையின் அளவு தெரிந்த தேதியை நம்பிப் பயன்படுத்தலாம். அளவு சொல்லப்படாத தேதிதான் ஆளைக் கவிழ்க்கும்.

முதலில் செப்புக்குடத்தின் கணக்கு. ராஜராஜனின் ஆட்சி 985 ஜூன் 25க்கும் ஜூலை 25க்கும் இடையே ஒரு நாளில் தொடங்கியது என்று ஜெர்மானிய அறிஞர் கீல்ஹார்ன் நிறுவினார். ஆகவே 25ஆம் யாண்டு 1009இல் அதே முப்பது நாள் இடைவெளியில் தொடங்குகிறது. முதல் நாளையும் சேர்த்து எண்ணுவதால் 275ஆம் நாளுக்கு 274 கூட்ட வேண்டும். ஜூன் 25இலிருந்து எண்ணினால் 1010 மார்ச் 26. ஜூலை 25இலிருந்து எண்ணினால் ஏப்ரல் 25. குடம் கொடுத்த நாள் இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது. ஒற்றைத் தேதியாக யாராவது சொன்னால், கூடுதல் சான்று என்ன என்று கேளுங்கள்.

அந்த முப்பது நாள் இடைவெளி எப்படிக் கிடைத்தது? வேலூர்ப் பக்கம் திருவல்லம் வில்வநாதேசுவரர் கோயிலில் ராஜராஜனின் 7ஆம் யாண்டுக் கல்வெட்டு ஒன்று உண்டு. ஐப்பசி விஷு, பௌர்ணமி, ரேவதி, சந்திர கிரகணம் என நான்கையும் ஒரே நாளில் வைத்துச் சொல்கிறது. இவை நான்கும் சேர்ந்த நாள் 991 செப்டம்பர் 26. அன்று முன்னிரவில் முழுச் சந்திர கிரகணம். அந்த நாள் 7ஆம் யாண்டுக்குள் விழ வேண்டுமானால் ஆட்சி 984 செப்டம்பர் 27க்கும் 985 செப்டம்பர் 26க்கும் இடையில் தொடங்கியிருக்க வேண்டும். ஒரே கல், ஓர் ஆண்டு அகலம். இப்படியே இன்னொரு கல் இடப்பக்கத்தைக் கொஞ்சம் வெட்டும், மற்றொன்று வலப்பக்கத்தை வெட்டும். பல கல்வெட்டுகள் சேர்ந்ததும் இடைவெளி ஒரு மாதமாகச் சுருங்கிவிட்டது.

திருவல்லத்துக் கல்லில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. எனக்கு இந்தத் துறையிலேயே மிகவும் பிடித்த இடம் இது. விஷு என்றால் பகலும் இரவும் சமமாகும் நாள். ஆனால் 991இல் உண்மையான சம இரவு நாள் செப்டம்பர் 18ஐ ஒட்டி வந்து போய்விட்டது. கல்வெட்டோ சூரியன் துலாத்தில் புகும் நாளை விஷு என்கிறது. ஏறத்தாழ எட்டு நாள் பிழை! காரணம் எளியது. ஆரியபட்டர் வழியில் ஆண்டின் நீளம் 365 நாள் 6 மணி 12 நிமிடம் 30 விநாடி. பருவங்கள் திரும்பிவரும் ஆண்டோ 365 நாள் 5 மணி 48 நிமிடம் 45 விநாடி. ஆண்டுக்கு 24 நிமிடம் போலச் சேர்ந்து, அறுபது ஆண்டுக்கு ஒரு நாளாகிறது. ஆரியபட்டர் வாழ்ந்த காலத்தில், 499இல், இரண்டும் ஏறக்குறைய ஒட்டியிருந்தன. 492 ஆண்டுகளில் எட்டு நாள் விலகின. இன்று சித்திரை முதல் நாள் ஏப்ரல் 14இல் வருவதும், சம இரவு நாள் மார்ச் 20லேயே கடந்துவிடுவதும் அதே விலகல் வளர்ந்ததால்தான்.

வானியல்படி பார்த்தால் கல்வெட்டு தவறு. அந்தத் தவறே நமக்குச் சான்றாகவும் ஆகிறது. பிற்காலத்தில் யாரோ உட்கார்ந்து புனைந்த தேதியாக இருந்தால் விலகல் எட்டு நாளாகச் சரியாக அமைந்திராது. அந்த நூற்றாண்டுப் பஞ்சாங்கம் எவ்வளவு தவறியிருக்க வேண்டுமோ அவ்வளவே தவறியிருக்கிறது.

உலக வரலாறே முந்நூறு ஆண்டு தள்ளி எழுதப்பட்டது, காலவரிசை முழுவதும் கற்பனை என்று சொல்லும் காணொளிகளும் சுற்றுகின்றன. சோழர் காலத்தை வைத்தே இதைச் சோதித்துப் பார்க்கலாம். சீனத்துச் சொங் அரச ஆவணங்கள் 1015, 1033, 1077 ஆகிய ஆண்டுகளில் சோழத் தூதர் வந்ததைப் பதிந்திருக்கின்றன. 1015ஆம் ஆண்டுப் பதிவில் ராஜராஜன் பெயரும், 1033ஆம் ஆண்டுப் பதிவில் ஸ்ரீ ராஜேந்திர சோழன் பெயரும் சீன ஒலிப்பில் அடையாளம் தெரிகின்றன. தமிழ்க் கல்வெட்டும் கிரகணக் கணக்கும் சீனக் குறிப்பும் ஒன்றையொன்று பார்த்து எழுதப்பட்டவை அல்ல. மூன்றும் ஒரே இடத்தில் வந்து நிற்கும்போது, ஒட்டுமொத்தக் காலவரிசையை நகர்த்துவதற்கு இடமில்லை. உள்ளூர்ப் பிழைகளுக்குத்தான் இடமிருக்கிறது, அவை ஏராளம்.

ஒரு தேதியைச் சரிபார்க்கும் முறையைப் பார்ப்போம். பிற்காலச் சோழர், பாண்டியர் கல்வெட்டுகளில் தேதி இந்த வடிவில் இருக்கும்: இன்ன ராசி நாயற்று (மாதத்து), பூர்வபக்ஷத்து (வளர்பிறை) அல்லது அபரபக்ஷத்து (தேய்பிறை) இன்ன திதியும், இன்ன கிழமையும் பெற்ற இன்ன நட்சத்திரத்து நாள். சூரிய மாதம், பக்கம், திதி, கிழமை, நட்சத்திரம் என ஐந்து உறுப்புகள். இவற்றில் சில ஒன்றையொன்று கட்டுப்படுத்தும். சந்திரன் சூரியனைவிட 12 பாகை முந்தினால் ஒரு திதி. ஒரு நட்சத்திரம் 13 பாகை 20 கலை. ஆகவே மாதமும் திதியும் தெரிந்தால் சந்திரன் ஏறத்தாழ 42 பாகை அகலத்துக்குள் நின்றாக வேண்டும், அதாவது ஏறத்தாழ மூன்று நட்சத்திர அகலத்துக்குள், ஓரங்களையும் சேர்த்தால் அடுத்தடுத்த நான்கைந்து நட்சத்திரங்களுக்குள். கல்வெட்டு அவற்றுக்கு வெளியே ஒன்றைச் சொன்னால், எந்த ஆண்டையும் தேடுவதற்கு முன்பே எங்கோ பிழை என்று தெரிந்துவிடும்.

பொருந்தினால் அடுத்த படி. நட்சத்திரம் ஏறத்தாழ மூன்றில் ஒரு முறை, கிழமை ஏழில் ஒரு முறை பொருந்தும் என்று வைத்தால், ஐந்தும் சேரும் நாள் தோராயமாக இருபது ஆண்டுக்கு ஒரு தடவை வரும். ஒரு நூற்றாண்டில் நான்கைந்து நாள்கள் தேறும். அவற்றில் எது என்று முடிவு செய்வது மன்னன் பெயரும் ஆட்சியாண்டும். இந்த வேலைக்கு இன்றும் கையில் எடுக்கும் நூல் எல்.டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளை 1922இல் வெளியிட்ட பஞ்சாங்க அட்டவணைத் தொகுதிகள். கி.பி. 700 முதல் 1799 வரை ஒவ்வொரு நாளுக்கும் திதி, நட்சத்திரம் முடியும் நேரத்தை நாளின் தசமப் பகுதியாக அவர் தந்திருக்கிறார். கணிப்பொறி இல்லாத காலத்தில் பதினொரு நூற்றாண்டுக்கு இதைச் செய்தவருக்குத் தமிழ் வரலாறு எவ்வளவு கடன்பட்டிருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது.

நவீன வானியல் கணக்கைப் பின்பற்றும் இப்போதைய திருக்கணித மென்பொருளில் தேதியைப் போட்டு "கல்வெட்டு தப்பு" என்று அறிவிப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கோயில் கணக்கன் கையில் இருந்தது பழைய சித்தாந்த, வாக்கிய முறைப் பஞ்சாங்கம். திதி முடியும் நேரம் இரண்டு முறைகளிலும் சில மணி நேரம் வரை வேறுபடும். விடியலுக்கு ஒரு மணி முன்பா பின்பா என்பதில் திதி மாறிவிடும். சராசரித் திதி 23 மணி 37 நிமிடம். ஆனால் தனித்தனியாகப் பார்த்தால் 20 மணி முதல் 27 மணிக்குச் சற்றுக் குறைவு வரை நீளும், குறுகும். சில நாளில் ஒரு திதி விடியலையே தொடாமல் போகும். இரவில் நடந்த தானத்துக்கு அந்த நேரத்துத் திதியைக் கணக்கன் எழுதியிருந்தால், விடியல் திதியோடு ஒப்பிடும் நமக்கு அது பிழையாகப் படும்.

சூரிய மாதத்தின் முதல் நாளிலும் இதே சிக்கல். சங்கராந்தி, அதாவது சூரியன் அடுத்த ராசியில் புகுவது, பொழுது சாய்வதற்குள் நடந்தால் அன்றே மாதப் பிறப்பு என்பது தமிழ் வழக்கம். மலையாள வழக்கத்தில் பகலின் ஐந்தில் மூன்று பங்கு கழிவதற்குள் நடந்திருக்க வேண்டும். பிற்பகலில் சங்கராந்தி வந்தால் செங்கோட்டைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தேதி ஒரு நாள் வேறுபடும்.

அடுத்தது கல்லில் நேரும் பிழை. தமிழ் எண்களில் ௪க்கும் (4) ௬க்கும் (6) வேறுபாடு ஒரு சிறு வளைவுதான். ௧க்கும் (1) ௯க்கும் (9) அப்படியே. சுண்ணாம்பு அடித்து, மணல் வீச்சில் தேய்ந்த கல்லில் அந்த வளைவு மறைந்தால் ஆறு நான்காகிவிடும், ஒன்பது ஒன்றாகிவிடும். அதனால்தான் எழுத்தால் எழுதிய ஆண்டு எண்ணால் எழுதியதைவிட நம்பகமானது. பூர்வபக்ஷம், அபரபக்ஷம் மாறிப்போவதும் அடிக்கடி காணும் பிழை. அப்போது திதிக்கும் நட்சத்திரத்துக்கும் 180 பாகை இடித்துக்கொண்டு நிற்கும். பக்கத்தை மாற்றிப் போட்டால் எல்லாம் ஒழுங்காகப் பொருந்தும். அப்படித் திருத்தலாம், ஆனால் திருத்தியதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும்.

படியெடுத்த கல்வெட்டுகள் தனி வகை. செங்கல் தளியை (கோயிலை) கற்றளியாக்கும்போது பழைய கல்வெட்டுகளைப் படியெடுத்துப் புதுச் சுவரில் வெட்டினார்கள். சோழ அரசி செம்பியன் மாதேவி திருப்பணி செய்த திருக்கோடிக்காவலில் இத்தகையவை உண்டு. "இதுவும் ஒரு பழங்கல்படி" என்று எழுதியும் வைத்தார்கள். தேதி ஒரு நூற்றாண்டைச் சொல்லும், எழுத்தின் வடிவம் அடுத்த நூற்றாண்டைச் சொல்லும். இரண்டும் சரிதான். அந்தக் குறிப்பு சிதைந்துபோன இடங்களில்தான் எழுத்தமைதியை மட்டும் பார்ப்பவர் ஏமாறுவார்.

இவை நாள், ஆண்டு அளவிலான பிழைகள். பெரிய பிழை ஆளை மாற்றிப் பிடிப்பதில் வருகிறது. சோழர் ராஜகேசரி, பரகேசரி என்று மாறி மாறிப் பட்டம் சூடினார்கள். ராஜராஜன் மெய்க்கீர்த்தி (மன்னனின் வெற்றிகளைச் சொல்லும் முன்னுரைப் பாட்டு) வழக்கத்தை நிலைநிறுத்துவதற்கு முந்தைய கல்வெட்டுகள் பல, "கோராஜகேசரிவர்மர்க்கு யாண்டு" என்று மட்டும் தொடங்கும். எந்த ராஜகேசரி? மதிரை (மதுரை) கொண்ட கோப்பரகேசரி என்றால் முதலாம் பராந்தகன் என்று உறுதியாகச் சொல்லலாம். வெறும் பரகேசரி என்றால் விஜயாலயன் முதல் உத்தம சோழன் வரை யாராகவும் இருக்கலாம், நூறாண்டுக்கு மேல் இடைவெளி. ஆட்சியாண்டுகளை வரிசையாகக் கூட்டுவதும் ஆபத்து. ராஜராஜனுக்கு 29, ராஜேந்திரனுக்கு 33, ராஜாதிராஜனுக்கு 36 எனக் கூட்டினால் 98 ஆண்டு வரும். உண்மையில் 985 முதல் ராஜாதிராஜன் கொப்பம் போரில் இறந்த 1054 வரை 69 ஆண்டுதான். மகனுக்கு இளவரசுப் பட்டம் கட்டிய நாளிலிருந்தே அவன் ஆண்டை எண்ணினார்கள். ராஜேந்திரன் கணக்கு 1012இல், தந்தை இருக்கும்போதே தொடங்குகிறது. ராஜாதிராஜன் கணக்கு 1018இல். பழைய அரச பட்டியல்களை வைத்துக் காலத்தைப் பின்னோக்கி நீட்டுபவர்கள் பெரும்பாலும் விழும் குழி இதுதான்.

ஐரோப்பியர் வந்த பிறகு தேதிகள் தெளிவாகிவிட்டன என்று நினைப்பதும் சரியல்ல. 1746இல் பிரெஞ்சுக்காரர் சென்னைக் கோட்டையைப் பிடித்த நாள் ஆங்கிலேயர் ஏட்டில் செப்டம்பர் 10, பிரெஞ்சு ஏட்டில் செப்டம்பர் 21. இரண்டும் ஒரே புதன்கிழமை. இங்கிலாந்து 1752 செப்டம்பர் 2க்கு அடுத்த நாளை 14 என்று வைக்கும் வரை ஜூலியன் நாட்காட்டியில் இருந்தது. பிரான்சு முன்பே கிரிகோரியனுக்கு மாறிவிட்டது. போதாக்குறைக்கு, 1751 வரை இங்கிலாந்தில் சட்டப்படி ஆண்டு மார்ச் 25இல்தான் பிறந்தது. ஆகவே ஜனவரி முதல் மார்ச் 24 வரையுள்ள கடிதங்களில் ஓர் ஆண்டு குறைவாக எழுதியிருக்கும். புதுச்சேரிப் பிரெஞ்சு ஆட்சியில் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு இங்கே பெரிய உதவி. தமிழ் ஆண்டு, மாதம், தேதியோடு கிழமையும் ஐரோப்பியத் தேதியும் சேர்ந்து வருவதால், ஒன்று தவறினால் மற்றொன்று காட்டிக்கொடுக்கும். சென்னை நாளாகக் கொண்டாடும் 1639 ஆகஸ்ட் 22உம் ஜூலியன் தேதிதான். இன்றைய நாட்காட்டியில் அது செப்டம்பர் 1.

கணிப்பொறியில் வேலை செய்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. எக்செல் 1900க்கு முந்தைய நாளைத் தேதியாகவே ஏற்காது. பைத்தான் ஏற்கும், ஆனால் கிரிகோரியன் விதியை ராஜராஜன் காலத்துக்கும் நீட்டிவிடும். 991 செப்டம்பர் 26 என்று கொடுத்தால் திங்கள்கிழமை என்று பதில் வரும். வரலாற்று நூல்கள் 1582க்கு முந்தைய தேதிகளை ஜூலியனில் தருவதால் சரியான கிழமை சனி. பத்தாம் நூற்றாண்டின் இந்தப் பகுதிக்கு ஐந்து நாள் கூட்டி, அக்டோபர் 1 என்று கொடுத்தால் சனி கிடைக்கும். தேதிகள் ஜூலியனா கிரிகோரியனா என்று ஒரு தனி நெடுவரிசையில் குறித்து வையுங்கள்.

குடும்பத்து ஓலைகளில் தாது வருஷம் என்று மட்டும் இருந்தால் 1876, 1936, 1996 மூன்றுமே பொருந்தும். கிழமையும் தேதியும் சேர்ந்திருந்தால் பெரும்பாலும் பிரித்துவிடலாம்.

சரி, இதெல்லாம் பொருட்டா? செப்புக்குடம் மார்ச் இறுதியில் கொடுக்கப்பட்டதா ஏப்ரலிலா என்பதால் வரலாற்றில் எதுவும் மாறாது. அந்த முப்பது நாளை மூடி மறைக்காமல் எழுதினால் போதும். ஆனால் ஓர் ஆண்டெண் ஒரு மனிதனின் பெயரைக் கெடுக்கவும் காக்கவும் முடியும். காட்டுமன்னார்கோயில் பக்கத்து உடையார்குடிக் கல்வெட்டு, ராஜராஜனின் அண்ணன் ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகள் சோமன், ரவிதாசன் முதலானோரின் நிலங்களைப் பற்றியது. தேதி: கோராஜகேசரி, 2ஆம் யாண்டு. சுந்தர சோழனும் ராஜகேசரிதான், ஆனால் அவனது 2ஆம் யாண்டு 958ஐ ஒட்டி வரும். அப்போது ஆதித்தன் உயிரோடு இருந்தான். உத்தம சோழன் பரகேசரி. மிஞ்சுவது ராஜராஜன், 987ஐ ஒட்டி. அப்படியானால் உத்தமன் ஆண்ட காலம் முழுவதும் கொலையாளிகள்மேல் நடவடிக்கை இல்லையா? அந்த இடைவெளியை வைத்தே வரலாற்றாசிரியர் நீலகண்ட சாஸ்திரி உத்தமன்மீது ஐயம் எழுப்பினார். கல்வெட்டு பறிமுதல் நிலத்தின் விற்பனையைத்தான் சொல்கிறது, தண்டனை அன்றுதான் தொடங்கியது என்று சொல்லவில்லை என்று பிறகு வந்தவர்கள் மறுத்தார்கள். என் கருத்தும் மறுத்தவர்கள் பக்கம்தான். ஆண்டு சரி. ஆனால் ஒரு நிகழ்ச்சி பதிவான நாள் வேறு, நடந்த நாள் வேறு. அந்த வேறுபாட்டைத் தவறவிட்டதால் ஒரு மன்னன் கொலைப்பழியோடு கதைகளில் உலவுகிறான்.

ராஜேந்திரன் பிறந்தது மார்கழித் திருவாதிரை என்று நெடுங்காலம் எழுதிவந்தார்கள். திருவாரூர்க் கல்வெட்டு ஆடித் திருவாதிரை என்கிறது. கங்கைகொண்ட சோழபுரத்தில் விழா எடுப்பவர்களுக்கு இது அரையாண்டு வேறுபாடு.

கீழடியிலும் இதே கவனம் வேண்டும். 353 செ.மீ. ஆழத்தில் கிடைத்த மாதிரிக்குக் கி.மு. 580 என்ற காலம் 2019இல் அறிவிக்கப்பட்டது. கதிரியக்கக் கரிமக் கணிப்பில் கி.மு. 800 முதல் 400 வரை அளவீட்டுத் திருத்த வளைவு (அளந்த கரிமத்தை ஆண்டாக மாற்றும் கோடு) ஏறக்குறையத் தட்டையாகிவிடுகிறது. அந்தப் பகுதியில் ஒரே ஆய்வக அளவீடு பல தலைமுறை அகலமுள்ள வீச்சுக்குப் பொருந்தும். இது உலகெங்கும் உள்ள இரும்புக்கால ஆய்வாளர்களைப் படுத்தும் சிக்கல். கீழடியின் தொன்மையை இது குறைக்கவில்லை. ஒற்றை எண்ணை முழக்கமாக்குவதைவிட, பல மாதிரிகளையும் மண்ணடுக்கையும் சேர்த்து வீச்சாகச் சொன்னால் எதிர்ப்பவராலும் அதை அசைக்க முடியாது.

இன்னும் தீராத இடம் பிற்காலப் பாண்டியர். சடையவர்மன், மாறவர்மன் என இரண்டே பட்டம். சுந்தரன், வீரன், குலசேகரன், விக்கிரமன், பராக்கிரமன் எனச் சில பெயர்கள். ஒரே சமயத்தில் பலர் ஆட்சி. ஐந்து அரசச் சகோதரர்களைப் பற்றி மார்க்கோ போலோவே எழுதுகிறார். ஆண்டும் "2ஆவதின் எதிர் 11ஆவது" என்று வரும், கூட்டினால் 13. முன்பகுதி உடைந்திருந்தால் இரண்டு ஆண்டு காணாமல் போகும். எந்த மன்னன் என்று தெரியாமல் வானியல் பொருத்தத்தை மட்டும் வைத்துத் தேடினால், நூற்றாண்டுக்கு நான்கைந்து பொருத்தம் எப்படியும் கிடைக்கும். ஒவ்வொரு பொருத்தத்துக்கும் ஒரு புதிய சுந்தர பாண்டியன் பிறந்துவிடுவான். சுவாமிக்கண்ணுப் பிள்ளையும் ஆங்கிலேய ஆய்வாளர் ராபர்ட் சூவெலும் தொடங்கி, 1978இல் என். சேதுராமன் வரை இந்தச் சிக்கலை அவிழ்க்க முயன்றிருக்கிறார்கள். ஒரு முடிசூட்டு நாளை முன்வைத்தால் அதைச் சோதிக்க ஒரே வழிதான் உண்டு. அந்தக் கணக்குக்குப் பயன்படுத்தாத கல்வெட்டு ஒன்றை எடுத்து, அதன் மாதம், பக்கம், திதி, கிழமை, நட்சத்திரம் ஐந்தும் திருத்தமின்றிப் பொருந்துகின்றனவா என்று பார்ப்பது. ஊருக்குள் சிமெண்டு பூசாமல் மிஞ்சியிருக்கும் ஒவ்வொரு பாண்டியர் கால அதிட்டானமும் (கோயிலின் அடித்தளமும்) அந்தச் சோதனைக்கு வேண்டும்.